தைட்ஸு, ஷிட்ஸு, சூஜுன்: சீன அரச வாரிசைத் தமிழில் எப்படி அழைப்பது?

சீன வரலாற்றுத் தொடர்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறவர்களும், சீன நாவல்களை மொழிபெயர்க்கிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தைட்ஸு என்றால் இளவரசர்தானே? அப்படியே போட்டுவிடலாமா?"

நானும் முதலில் அப்படியே போட்டவன்தான். பன்னிரண்டு அத்தியாயம் வரை சிக்கல் இல்லை. அதன்பின் ஒரு காட்சி. பேரரசர் மூத்த மகனை முழங்காலிட வைத்து, அவன் தைட்ஸு நிலையைப் பறிக்கிறார். "உன்னை இளவரசர் பதவியிலிருந்து நீக்குகிறேன்" என்று எழுதினேன். அடுத்த காட்சியில் காவலாளி அதே ஆளை "இளவரசே" என்று கூப்பிடுகிறான். மூலத்தில் பிழை இல்லை. பறிபோனது வாரிசுரிமை, மகன் என்ற நிலை அப்படியே இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்ட என் தமிழ்தான் தவறு. பன்னிரண்டு அத்தியாயத்தையும் திரும்பத் திறந்து திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு தொடரையோ நாவலையோ கையில் எடுக்கும் முன்பே இந்த முடிவை எடுத்துவிடுவது நல்லது. தமிழில் நமக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், மகன் வேறு, வாரிசு வேறு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். பேரரசருக்கு இருபது மகன்கள் இருக்கலாம். அவர்கள் எல்லாரும் ஹுவாங்ட்ஸு, அதாவது பேரரசரின் மகன்கள். அவர்களில் அரியணைக்கு வாரிசாக அறிவிக்கப்பட்ட ஒருவர் மட்டும் தைட்ஸு. சீன அரண்மனைக் கதைகளில் பாதி, மற்ற பத்தொன்பது பேரும் அந்த ஒருவரின் இடத்துக்கு ஆசைப்படுவதுதான். இந்த வேறுபாடு அழிந்தால் கதையே அழிந்துவிடும்.

இரண்டாவது, யாருடைய அரியணை? பேரரசரின் வாரிசுக்கு ஒரு சொல், அவருக்குக் கீழே பட்டம் பெற்ற கோமகனின் வாரிசுக்கு வேறு சொல்.

மூன்றாவது, சொல் குட்டி போட வேண்டும். தைட்ஸு வந்தால் அவர் மனைவி, அவர் ஆசான், அவர் மாளிகை, பதவி பறிக்கப்பட்ட தைட்ஸு என்று ஒரு குடும்பமே பின்னால் வரும். அத்தனையையும் தாங்காத சொல்லால் பயனில்லை.

நான்காவது, நீளம். நாவலுக்கு இது பெரிதல்ல. வசனவரிக்கும் குரல் கொடுப்பவருக்கும் உயிர்ப் பிரச்சினை. "தைட்ஸு தியன்ஷியா" என்று நடிகர் சொல்லும் விளி சீனத்தில் நான்கே அசை. "பட்டத்து இளவரசர் அவர்களே" என்றால் பன்னிரண்டு. அதற்குள் நடிகர் வாயை மூடிவிடுவார்.

வழி ஒன்று: எல்லாருக்கும் 'இளவரசர்'

நன்மை எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் விளக்க வேண்டாம். "இளவரசே" என்று விளித்தால் ஐந்து அசை, உதட்டோடு ஒட்டிப் போகும்.

நான் மேலே சொன்னதுதான் இதன் மறைந்திருக்கும் செலவு. வாரிசுப் போர் இல்லாத கதையில் தெரியாது; இருக்கும் கதையில் ஒருநாள் வெடிக்கும். ஒரே ஒரு அரசகுமாரன் வரும் காதல் கதை, சிறுவர் கதை, நாட்டுப்புறக் கதை ஆகியவற்றுக்கு இது போதும்.

இன்னோர் இடத்திலும் இதுவே சரி. சீனத் தெய்வக் கதைகளில் தைட்ஸு என்றால் வாரிசு என்று பொருளே இல்லை. தீச்சக்கரங்களின் மேல் நின்று பறக்கும் நெஜாவை "மூன்றாம் தைட்ஸு" என்பார்கள். அவன் ஒரு படைத்தலைவனின் மூன்றாவது மகன். எந்த அரியணைக்கும் வாரிசல்ல. கடல் நாக மன்னனின் மகனும் மூன்றாம் தைட்ஸுதான். இங்கே "மூன்றாம் பட்டத்து இளவரசர்" என்று எழுதினால் அபத்தம். இந்த நெஜா நமக்கு அந்நியனும் அல்ல. குபேரன் மகன் நளகூபரனின் பெயர் பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய்ச் சுருங்கியதுதான் நெஜா. கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு போய் மருத மரத்தைச் சாய்த்து விடுவித்தானே, அதே நளகூபரன்.

வழி இரண்டு: 'பட்டத்து இளவரசர்'

என் வாக்கு இதற்குத்தான். காரணம் சொல்கிறேன்.

தைட்ஸு என்பதில் இரண்டு எழுத்துகள். இரண்டாவதான 'ட்ஸு' மகன். முதலாவதான 'தை'யைத் தாளில் எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கும். கைகளை விரித்து நிற்கும் மனிதன் போன்ற வடிவம் 'பெரிய' என்ற எழுத்து. அதன் கால்களுக்கிடையே ஒரு சிறு புள்ளி வைத்தால் 'தை' ஆகிவிடும். பெரியதற்கும் பெரியது, மேலானது. பேரரசரின் தாய் தைஹௌ. அரியணையை விட்டிறங்கிய பேரரசர் தைஷாங்ஹுவாங். உறவுப் பெயருக்கு முன்னால் இந்த ஓர் எழுத்து வந்து உட்கார்ந்தால், அந்த உறவு அரியணையோடு கட்டப்பட்டுவிடுகிறது.

தமிழில் இதே வேலையைச் செய்யும் சொல் 'பட்டத்து'. பட்டம் என்பது நெற்றியில் கட்டும் பொன் தகடு. பட்டத்து அரசி, பட்டத்து யானை, பட்டத்து இளவரசர். யானைகள் பல இருந்தாலும் பட்டத்து யானை ஒன்றுதான். சொல்லின் முன்னால் நின்று "பலருள் இந்த ஒருவர்" என்று காட்டுகிறது. 'தை'க்கு நேராக 'பட்டத்து' என்று வைத்துக்கொண்டால் சீனத்தின் விசித்திரமான வாரிசுப் பெயர்கள்கூடத் தமிழில் தாமாக வந்து விழுகின்றன.

மிங் வம்சத்தை நிறுவிய பேரரசரின் வாரிசு ஜூ பியாவ் 1392இல் தந்தைக்கு முன்பே இறந்துபோனார். பேரரசர் மற்ற மகன்களை விட்டுவிட்டு, இறந்தவரின் மகனை வாரிசாக்கினார். அந்தப் பதவி ஹுவாங் தைசுன். 'சுன்' என்றால் பேரன். தமிழில் பட்டத்துப் பேரர். தாங் வம்சத்தில் 840இல் ஒரு பேரரசர் இறக்கும் தறுவாயில் அவர் தம்பி வாரிசாக்கப்பட்டார்: ஹுவாங் தைதி. பட்டத்து இளவல் என்பேன். அந்தத் தம்பி பேரரசராகி 846இல் இறந்தபோது அரண்மனை அண்ணகர்கள், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள், கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய சிற்றப்பாவை: ஹுவாங் தைஷு. பட்டத்துச் சிற்றப்பா. வாரிசு என்றால் நாம் நினைப்பது கீழ்த் தலைமுறை. இங்கே வாரிசு மேல் தலைமுறை! இதை 'யுவராஜா' என்று எழுதினால் அந்த அதிர்ச்சி வாசகருக்குப் போய்ச் சேராது.

எதிர்மாறான வழக்கும் உண்டு. மங்கோலிய யுவான் வம்சத்தில் 1307இல் ஆட்சிக்கு வந்த பேரரசர் தம் தம்பியை வாரிசாக்கினார். ஆனால் தம்பி என்று சொல்லும் பட்டத்தைத் தராமல், தைட்ஸு என்றே பட்டம் தந்தார். எழுத்தைப் பார்த்து "மூத்த மகன்" என்று மொழிபெயர்த்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். 'பட்டத்து இளவரசர்' என்று எழுதியவர் தப்பித்துக்கொள்வார்.

நீக்கும் காட்சிக்கும் வினை தயாராக இருக்கிறது. பட்டம் கட்டுவது, பட்டம் பறிப்பது. என் பழைய வரியை "உன் பட்டத்தைப் பறிக்கிறேன்" என்று மாற்றியதும் காட்சி நிமிர்ந்துவிட்டது. அடுத்த காட்சியில் காவலாளி "இளவரசே" என்றபோது, அந்த மகன் எதை இழந்திருக்கிறான் என்பது இன்னும் உறைத்தது.

குறை நீளம்தான். அதற்கு என் தீர்வு எளியது. அவரைப் பற்றிப் பிறர் பேசும்போதும் அறிவிப்பிலும் முழுப் பெயர். முகத்துக்கு நேராக "இளவரசே". அவையில் மற்ற இளவரசர்களும் நிற்கும்போது மட்டும் விளியிலும் முழுப்பெயர்.

வழி மூன்று: 'யுவராஜா'

நான்கே அசை. காதுக்குக் கம்பீரம். குரல் கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்த சொல்.

என் தயக்கம் வேறு. நம் மரபில் யுவராஜா பாதி அரசர். இராசராசன் காலத்திலேயே, 1012இல், இராசேந்திரன் இணையாட்சிக்கு உயர்த்தப்பட்டான். 1018இல் இராசேந்திரனும் தன் மகன் இராசாதிராசனுக்கு அதையே செய்தான். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்கு யுவராஜா என்றால் ஆளத் தொடங்கிவிட்டவர். சீனத் தைட்ஸுவின் நிலை அப்படியல்ல. தந்தை உயிரோடு இருக்கும்வரை அவர் குடிமகன். தந்தைக்கு முன் தம்மை 'அர்ச்சென்', அதாவது மகனும் அடியானும் என்றுதான் சொல்லிக்கொள்வார். தந்தை தலைநகரை விட்டுப் போகும்போது ஆட்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைக்கலாம். அதற்கு ஜியன்குவோ என்று தனிப்பெயர். தந்தை திரும்பியதும் அதிகாரமும் திரும்பிப் போய்விடும்.

அந்த நிலையின் ஆபத்துக்கு யின்ரங் ஒருவரே போதும். சிங் வம்சத்துக் காங்சி பேரரசர் அவரை ஒன்றரை வயதுக் குழந்தையாக இருக்கும்போதே பட்டத்து இளவரசராக்கினார். 1708இல் நீக்கினார். 1709இல் மீண்டும் அமர்த்தினார். 1712இல் மறுபடி நீக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, அரியணையைத் தொடாமலே காவலில் இறந்தார். இவரை யுவராஜா என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் புத்தர் கதைக்கு இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம். சீன பௌத்த நூல்கள் சித்தார்த்தரைத் தைட்ஸு என்றே சொல்கின்றன. மூலக்கதை நம் மண்ணுடையது என்பதால் நம் சொல்லே பொருந்தும். குடும்ப நிறுவனத்தின் வாரிசைச் சீனர்கள் இன்று பேச்சில் 'தைட்ஸு யே' என்கிறார்களே, அதற்கும் "எங்க யுவராஜா" என்ற நம் கிண்டல் தொனி கச்சிதம்.

வழி நான்கு: ஒலிபெயர்ப்பு

'தைட்ஸு' என்று அப்படியே எழுதிவிடலாம் என்பார் சிலர். ஜப்பானிய சாமுராய் தமிழில் நிலைக்கவில்லையா என்பது அவர்கள் வாதம்.

நிலைத்தது உண்மை. ஆனால் சீன ஒலியில் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், இருக்கிறது; தமிழ் எழுத்தில் அது இல்லை. கோமகனின் வாரிசு ஷிட்ஸு. வேறு தொனியில் அதே ஒலி சிங்கத்தைக் குறிக்கும். வீட்டில் வளர்க்கும் ஷிட்ஸு நாய்க்குப் பெயர் வந்தது அந்தச் சிங்கத்திலிருந்துதான். தமிழில் எழுதினால் கோமகன் வீட்டு வாரிசும் நாய்க்குட்டியும் ஒரே எழுத்தில் நிற்கும். அதுபோல ஹுவாங்ட்ஸு மகன், ஹுவாங்ஸு வாரிசு. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டை எந்த வாசகர் நினைவில் வைப்பார்? 690இல் பேரரசரின் தாய் வூ செதியான் தாமே பேரரசராகி, அரியணையில் இருந்த தம் மகன் லி தானைக் கீழே இறக்கி ஹுவாங்ஸு ஆக்கினார். வழக்கமான தைட்ஸு பட்டத்தைக் கொடுக்கவில்லை. அந்த நுணுக்கம் முழுக்க ஒலிபெயர்ப்பில் கரைந்துபோகும். 'பெயரளவு வாரிசு' என்று விளக்கி எழுதுவதே மேல்.

ஆய்வுக் கட்டுரை, வரலாற்று நூல், பின்னிணைப்பில் சொல்லடைவு உள்ள நாவல் ஆகியவற்றில் ஒலிபெயர்ப்புக்கு இடமுண்டு. இடப்பெயர்களிலும் விட்டுவிடலாம். ஹாங்காங்கில் பிரின்ஸ் எட்வர்டு ரயில் நிலையத்தின் சீனப் பெயர் தைட்ஸு என்ற அதே இரண்டு எழுத்துதான். 1922இல் அங்கே வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவு. அவர் வாரிசு என்பதால் சீனப் பெயர் துல்லியம்.

வழி ஐந்து: சொல்லுக்குச் சொல்

சீனத்தில் வாரிசைச் சுற்றி அழகான உருவகங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சூஜுன் என்பதில் 'சூ' சேமித்து வைப்பது. இன்று சீன வங்கியில் சேமிப்புக் கணக்குக்கு எழுதும் அதே எழுத்து. 'ஜுன்' அரசர். நாளைக்கென்று எடுத்துவைத்த அரசர். செய்தித் தாள்களில் சவூதி பட்டத்து இளவரசரைக் குறிக்கும் வாங்சூ என்ற சொல்லிலும் இந்தச் 'சூ'தான். துங்குங் என்றால் கிழக்கு அரண்மனை. வாரிசு வசிக்கும் இடமும் அதுதான், அவரைக் குறிக்கும் ஆகுபெயரும் அதுதான். கிழக்கு சூரியன் எழும் திசை. ஐம்பூதக் கணக்கில் வசந்தத்துக்கும் பசுமைக்கும் உரியது. ஆகவே பச்சை அரண்மனை, வசந்த அரண்மனை என்றும் சொல்வார்கள். இதில் ஒரு பொறி: 'வசந்த அரண்மனை' பிற்காலச் சீனத்தில் சிற்றின்ப ஓவியங்களுக்கும் பெயராயிற்று. அகராதியைப் பார்க்காமல் எழுதினால் மானம் போகும்.

குவோபென் இன்னொன்று: நாட்டின் வேர். 1586 முதல் 1601 வரை மிங் அவையை உலுக்கிய வாரிசுச் சண்டைக்கு "நாட்டின் வேருக்கான பூசல்" என்றே பெயர். வான்லி பேரரசர் தம் அன்புக்குரிய துணைவியின் மகனை விரும்ப, அமைச்சர்கள் மூத்தவனுக்காக நின்றார்கள். கடைசியில் மூத்தவனே வென்றான்.

உருவகங்களைக் கவித்துவமான இடங்களில், உரையாடலில் ஒருமுறை, நேராக மொழிபெயருங்கள். "கிழக்கு அரண்மனை இன்று உறங்கவில்லை" என்று தமிழில் படிக்க நன்றாகவே இருக்கிறது. பதவிப்பெயராக அதை ஐம்பது முறை எழுதினால் வாசகர் கட்டடத்தைத் தேடத் தொடங்குவார்.

துங்குங்கில் வரும் 'குங்' எழுத்தை நீங்கள் உணவகப் பட்டியலில் பார்த்திருக்கிறீர்கள். குங் பாவ் சிக்கன். சிச்சுவானை ஆண்ட திங் பாவ்சென் என்ற அதிகாரிக்கு "பட்டத்து இளவரசரின் காவலர்" என்ற மதிப்புப் பட்டம் இருந்தது. அதன் சுருக்கம் குங்பாவ், அரண்மனைக் காவலர். அவர் விரும்பிய கோழிக்கறி அந்தப் பெயரைப் பெற்றது. அவர் 1886இல் இறந்தார். அப்போது சிங் அரசில் அறிவிக்கப்பட்ட பட்டத்து இளவரசரே கிடையாது. யின்ரங் பட்ட பாட்டைக் கண்ட யொங்செங் பேரரசர் 1723இல் அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார். வாரிசின் பெயரை எழுதி, பெட்டியில் முத்திரையிட்டு, அரியணை மண்டபத்தின் பலகைக்குப் பின்னால் வைப்பது என்று ஆயிற்று. 1795இல் சியன்லொங் பதவி விலகுவதற்குச் சில மாதம் முன்பு மகனைத் தைட்ஸு என்று அறிவித்தது விதிவிலக்கு. ஆகவே யொங்செங்குக்குப் பிந்திய சிங் கதையில் நீங்கள் 'பட்டத்து இளவரசர்' என்று எழுத நேர்ந்தால், ஒருமுறை நின்று மூலத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது ஆகெ என்ற மஞ்சு சொல். அதற்கு வெறும் 'இளவரசர்' போதும்.

ஷிட்ஸு என்னும் தனிச்சிக்கல்

மிங் காலக் கதையில் ஷிட்ஸு என்றால் கோமகனின் வாரிசு. ஜூ கவோச்சி நல்ல சான்று. தந்தை ஜூ தி யான் நாட்டுக் கோமகனாக இருந்தபோது இவர் ஷிட்ஸு. தந்தை 1402இல் அரியணையைப் பிடித்தார். 1404இல் இவர் தைட்ஸு. ஒரே ஆள், ஒரே தந்தை. மாறியது தந்தையின் இருக்கை. இருவேறு சொல் இல்லாவிட்டால் அந்த ஏற்றம் தெரியாது. 'இளங்கோ' என்று போட்டுப் பார்த்தேன். பொருள் பொருந்துகிறது, ஆனால் வாசகர் அதை ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார். இப்போது 'இளங்கோமகன்' என்று எழுதுகிறேன். எடின்பரோ கோமகன் என்று செய்தியில் படித்துப் பழகியவர்களுக்கு இடறாது.

| சீனச் சொல் | யார் | நான் எழுதுவது |
|---|---|---|
| ஹுவாங்ட்ஸு | பேரரசரின் மகன் எவரும் | இளவரசர் |
| தைட்ஸு | பேரரசரின் வாரிசு | பட்டத்து இளவரசர் |
| தைட்ஸு ஃபெய் | அவர் மனைவி | பட்டத்து இளவரசரின் தேவி |
| ஹுவாங் தைசுன் | வாரிசான பேரன் | பட்டத்துப் பேரர் |
| ஹுவாங் தைதி | வாரிசான தம்பி | பட்டத்து இளவல் |
| ஷிட்ஸு, சீனக் கதையில் | கோமகனின் வாரிசு | இளங்கோமகன் |
| சூஜுன் | வாரிசு, பொதுவாக | அரியணை வாரிசு |
| துங்குங் | வாரிசின் மாளிகை, வாரிசு | கிழக்கு அரண்மனை |

இந்தப் பட்டியலை அப்படியே கொரியத் தொடருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். கொரியாவின் ஜோசன் வம்சத்து அரசர் 1897 வரை தம்மைப் பேரரசர் என்று சொல்லிக்கொண்டதில்லை. 'வாங்', அரசர் என்ற அளவில் நின்றார். அதனால் அவர் வாரிசு தைட்ஸு ஆக முடியாது. ஷிட்ஸு என்ற அதே இரண்டு எழுத்து, கொரிய உச்சரிப்பில் செஜா. 1762இல் தந்தையின் ஆணைப்படி அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு இறந்த சாதோ, செஜாதான். கொரியாவுக்குள் அவருக்கு மேலே வேறு வாரிசு கிடையாது. ஆகவே தமிழில் அவர் பட்டத்து இளவரசர், இளங்கோமகன் அல்ல.

விளியிலும் கவனம் வேண்டும். சீனத்தில் இளவரசர்களை அழைக்கும் 'தியன்ஷியா' கொரியாவில் 'ஜோன்ஹா' என்று ஒலிக்கும். அங்கே அது அரசருக்கு உரியது. செஜாவை 'ஜோஹா' என்பார்கள். எழுத்தை மட்டும் பார்த்து "இளவரசே" என்று வசனவரி போட்டால், அரியணையில் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருக்கும் அரசரை அமைச்சர் இளவரசே என்று கூப்பிடுவார். அங்கே "அரசே" என்று எழுதுங்கள்.